பெட்டி வண்டியில் இருக்கட்டும்

கார் கதவின் கைப்பிடியைத் தொட்டதும் ஹெலன் "ஆ!" என்று கையை உதறிக்கொண்டாள். மணி பத்தேமுக்கால்தான். அதற்குள் அவளுடைய கறுப்பு வண்டி தோசைக்கல் மாதிரி காய்ந்திருந்தது.

துப்பட்டா நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து கிளம்பிய அனல் முகத்தில் அறைந்தது. பின் சீட்டில் அந்த அட்டைப் பெட்டி, யாருக்கு வந்த விருந்தோ என்று உட்கார்ந்திருந்தது. பெட்டிக்குள் மூன்று ஜோடி பழுப்பு நிற ஷூ. ஒன்றை எடுத்து, சோல் ஒட்டியிருந்த விளிம்பை விரலால் அழுத்திப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. இந்தச் சூட்டில் பசை இளகிவிடுமே என்று பதறினாள்.

காரணம் இருந்தது. ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனியில் ஹெலனுக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். பசை தடவுகிற டேபிளில் ஆரம்பித்து, சாம்பிள் ரூம் சூப்பர்வைசர் வரைக்கும் வந்திருந்தாள். போன மாதம், ஆர்டர் கொடுத்து ஷூ வாங்குகிற ஒரு பையருக்கு அனுப்பிய சாம்பிளில் இரண்டு ஷூ, வாயைப் பிளந்துகொண்டு போய்ச் சேர்ந்தன. சோல் ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம். மேனேஜர் நிசார் அஹமது அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"ஹெலன்மா, இன்னொரு தரம் சோல் வாயைத் தொறந்துச்சுன்னா ஆர்டர் போய்டும். ஆர்டரே இல்லன்னா சாம்பிள் ரூமுக்குத் தனியா ஒரு சூப்பர்வைசர் இன்னாத்துக்கு? நீங்க மறுபடியும் பசை டேபிளுக்குத்தான் போவணும். அப்புறம் எங்கிட்ட வந்து அழாதீங்க."

பசை டேபிள் ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அந்த டேபிளுக்கு இப்போது சூப்பர்வைசராக இருக்கிறவள், ஹெலனிடமே வேலை கற்றுக்கொண்ட பெண். நாற்பத்தாறு வயதில் அவள் முன்னால் போய் நின்று, "பாத்ரூம் போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்பதை நினைத்தாலே ஹெலனுக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. அதனால் இந்த மூன்று ஜோடியையும் பசை மாற்றி, பக்கத்திலேயே நின்று, பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துச் செய்ய வைத்திருந்தாள். பையர் பக்கத்திலிருந்து ஆள் வந்து இன்றைக்குச் சாயந்திரம் நாலு மணிக்குப் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆறு மணி ரயிலுக்கு அவர் கிளம்புவதற்குள் ஹெலனுடைய தலையெழுத்து தெரிந்துவிடும்.

இந்த லட்சணத்தில்தான் காலை பத்து மணிக்கு லேப்பில் வேலை செய்கிற கௌசர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, சார் இதை உங்க வண்டியில வெக்கச் சொன்னாரு. நாலு மணி வரைக்கும் யாரும் தொடக் கூடாதாம்."

"என் வண்டியிலயா?"

"ஆமாக்கா. எதுக்குன்னா—"

"தெரியும், தெரியும். சத்தம் போடாத. செவுத்துக்கும் காது இருக்கு."

கௌசர் திருதிருவென்று விழித்தாள். அவளுக்கு வாணியம்பாடியில் ஏதோ வேலை, நாலு மணிக்குத்தான் திரும்புவாளாம். பெட்டியைக் காரில் வைத்துவிட்டுப் பஸ் பிடிக்க ஓடிவிட்டாள்.

ஹெலனுக்குத் தெரியாததா? ஷூ கம்பெனிகளில் இது புதிதல்ல. ஒரு பையருடைய ஆள் சாம்பிள் ரூமைச் சுற்றிப் பார்க்க வந்தால், இன்னொரு பையருக்குச் செய்த மாடல் அவர் கண்ணில் படக் கூடாது. பட்டால் ஒரே வாரத்தில் அதே மாடல் பக்கத்துக் கம்பெனி அலமாரியில் ஏறிவிடும். அதனால் வருகிற ஆள் வாசலில் கால் வைக்கும்போதே, பார்க்கக் கூடாத ஷூவெல்லாம் பின்வாசல் வழியாக யாருடைய காருக்காவது குடிபோய்விடும். இன்றைக்குக் காலையிலும் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் மேனேஜரோடு சுற்றிக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடி, கையில் சின்ன நோட்டு, எதைப் பார்த்தாலும் தட்டிப் பார்க்கிற பழக்கம். புது முகம். யாருடைய ஆளோ! அவருக்குப் பயந்துதான் பெட்டி வெளியே வந்திருக்கிறது என்று ஹெலன் கணக்குப் போட்டாள்.

ஒளித்து வைப்பதெல்லாம் சரிதான். இடமா கிடைக்கவில்லை? மேனேஜர்களின் கார்களெல்லாம் ஷெட்டில் நிழலாக நின்றன. ஹெலன் இரண்டாம் கையாக வாங்கிய இந்தக் கறுப்பு வண்டி ஒன்றுதான் பின்பக்கத்து மொட்டைத் திடலில் நின்றது. அக்கினி நட்சத்திரம் அங்கே கொட்டியது போகத்தான் மிச்சத்தை ஊருக்குக் கொடுத்தது.

"அறிவிருக்குதா இந்த மனுஷனுக்கு?" என்று மேனேஜரை வாய்விட்டுத் திட்டிவிட்டு, நான்கு கண்ணாடிகளையும் நாலு விரற்கடை இறக்கினாள். கொஞ்சமாவது காற்று போகட்டும்.

அப்போது போன் அடித்தது. திட்டியது கேட்டுவிட்டதோ என்னவோ, மேனேஜரேதான்.

"ஹெலன்மா, பெட்டி வண்டியில இருக்குல்ல?"

"இருக்குது சார். ஆனா வெயிலு ரொம்ப ஜாஸ்தி—"

"இருக்கட்டும், இருக்கட்டும். கண்ணாடி எல்லாம் ஏத்தியிருக்கா?"

"அது வந்து சார்..."

"ஃபுல்லா ஏத்திடுங்க. துளிகூட தொறந்திருக்கக் கூடாது. நான் மீட்டிங்ல இருக்கேன், திரும்பத் திரும்பப் போன் பண்ணாதீங்க."

போன் பண்ணியது அவர்! ஹெலன் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடிகளை ஏற்றினாள். திருட்டுப் பயம் போலும். மூன்று கண்ணாடிகள் ஒழுங்காக ஏறின. நாலாவது, பெட்டிக்கு நேராக இருந்தது, ஒரு விரற்கடை பாக்கி வைத்து நின்றுகொண்டது. தட்டினாள், குத்தினாள், கெஞ்சினாள். அசையவில்லை.

திரும்பினால் பின்னால் வெள்ளைச் சட்டைக்காரர்! காற்று வாங்க வந்தவர் மாதிரி நின்றுகொண்டு, காரின் பானெட்டைத் தட்டிப் பார்த்தார்.

"உங்க வண்டியாம்மா? கறுப்பு கலரு. சூடு நல்லா புடிக்குமே?"

ஹெலன் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். ஆளைப் பார், எவ்வளவு நைசாகப் பேச்சுக் கொடுக்கிறான்!

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். உள்ள ஜில்லுனு இருக்கும்."

"ஜில்லுனா?" அவர் முகம் வாடிப்போனது. "நெஜமாவா?"

"ஊட்டி மாதிரி இருக்கும் சார். நீங்க உள்ள போங்க, வெயில் ஒத்துக்காது."

அவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு, இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். இனி பெட்டியை ஆபீஸ் பக்கமே கொண்டுபோக முடியாது என்று ஹெலன் முடிவு கட்டினாள்.

பதினொன்றரைக்கு வெயில் உச்சிக்கு ஏற ஆரம்பித்தது. ஹெலன் முன்கண்ணாடியில் பேப்பரை விரித்தாள். பின்கண்ணாடியில் தன் துப்பட்டாவை விரித்தாள். கேட்டில் இருந்த வாட்ச்மேன் கவுஸ் பாஷா இதையெல்லாம் வேடிக்கை பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"இன்னாமா ஹெலன்மா, வண்டிக்கு ஜுரமா?"

"ஜுரமும் இல்ல, மண்ணும் இல்ல. உள்ள சாமான் இருக்குது பாய். சூடு ஆகக் கூடாது."

"பேப்பர் போட்டா நிக்குமா இந்த வெயிலு? ஈரச் சாக்கு போடணும். எங்க வீட்டுத் தண்ணி டேங்குக்கு அப்படித்தான் போட்டு வெச்சிருக்கேன். ஐஸு மாதிரி இருக்கும். நீங்க பேஜார் ஆவாதீங்க, நான் கொண்டாறேன்."

பாய் நல்ல மனுஷர். சொன்னபடி பத்து நிமிஷத்தில் ஆறு சாக்குகளோடு வந்தார். தொட்டியில் முக்கி எடுத்துக் காரின் தலைமேல் போர்த்தினார். தண்ணீர் வழிந்தது. ஹெலனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அந்த உயிர் வந்த வேகத்தில் மூக்கும் வேலை செய்ய ஆரம்பித்தது.

"பாய், இது எந்தச் சாக்கு?"

"பக்கத்துத் தோல் ஷாப்புல கேட்டு வாங்கியாந்தேன். தோஸ்த் ஒருத்தர் இருக்காரு."

"உப்புத் தோல் வந்த சாக்கா?"

"சாக்குதானம்மா. அதுல இன்னா இருக்குது?"

அதில் பதனிடாத பச்சைத் தோலின் வாசனை இருந்தது. உப்பு இருந்தது. அந்த வாசனைக்கு ஆம்பூரில் எத்தனை ரசிகர்கள் உண்டு என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. முதலில் ஒரு செம்பட்டை நாய் வந்து டயரை முகர்ந்தது. பிறகு அது போய்ச் சொந்தபந்தங்களை அழைத்து வந்தது. ஏழு நாய்கள் காரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, ஆண்டவன் எப்போது படியளப்பான் என்று அண்ணாந்து பார்த்தன. ஒன்று பானெட்டில் ஏறிச் சாக்கின் நுனியைக் கவ்வி இழுத்தது. சாக்கில் தேங்கியிருந்த உப்புத் தண்ணீர் மொத்தமும், ஏறாமல் நின்ற அந்த நாலாவது கண்ணாடியின் ஒரு விரற்கடை இடுக்கு வழியாக, நேராகப் பெட்டியின் மேல் இறங்கியது.

ஹெலன் போட்ட கூச்சலில் நாய்களே பயந்துபோயின. கதவைத் திறந்து பெட்டியை வெளியே இழுத்தாள். அட்டை ஊறிப்போயிருந்தது. நல்லவேளை, ஷூக்களைச் சுற்றியிருந்த காகிதத்தோடு ஈரம் நின்றிருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் தோலில் உப்பு பூத்து, சோல் பிரியும் முன்பே கதை முடிந்திருக்கும்.

"நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்," என்றார் பாய், நாலடி தள்ளி நின்றுகொண்டு.

"உங்க நல்லது போதும் பாய். சாக்கை எடுத்துனு போய் அந்தத் தோஸ்த் தலையில போடுங்க!"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. அட்டைப் பெட்டியைச் சுவரோரம் காயவைத்துவிட்டு, ஷூக்களை மடியில் வைத்துக்கொண்டு, ஹெலன் காரை ஸ்டார்ட் செய்தாள். ஏசி என்று ஒன்று இருக்கிறதே, அது எதற்கு இருக்கிறது? திருகினாள். முதலில் தூசி வந்தது. பிறகு ஒரு காய்ந்த இலை வந்தது. அதன் பிறகு, கொல்லன் துருத்திக்குப் பதில் சொல்லும்படியான ஒரு வெப்பக் காற்று வந்தது. வரும், இப்போது குளிர்ச்சி வரும் என்று கால் மணி நேரம் காத்திருந்தாள். வேர்வை முதுகில் ஆறாக ஓடியது. மடியில் இருந்த ஷூக்கள் வெளியே இருந்ததைவிட அதிகமாகச் சுட்டன. கடைசியில் முன்பக்கத்திலிருந்து "புஸ்" என்று ஒரு சத்தம். பானெட்டின் இடுக்கில் வெள்ளைப் புகை கிளம்பியது. ரேடியேட்டர் தண்ணீர் கொதித்து வழிந்துகொண்டிருந்தது.

வெயில் ஒரு பக்கம் வேகவைத்தது போதாதென்று இப்போது வண்டி தன் பங்குக்கு அடியிலிருந்தும் அடுப்பு மூட்டியிருந்தது. ஹெலனுக்கு அழுகை வந்தது. அழுவதற்குக்கூட உடம்பில் தண்ணீர் மிச்சமில்லை.

மணி ஒன்றரை. ஷூவின் குதிகால் பக்கத்தை அழுத்திப் பார்த்தாள். சோல் இளகியிருக்கிறதா, தன் விரல்தான் நடுங்குகிறதா என்று தெரியவில்லை. தெரியாமல் நிற்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன? ஷூக்களைச் சாப்பாட்டுப் பையில் திணித்துக்கொண்டு, பின்வழியாகக் கேன்டீனுக்கு நடந்தாள்.

கேன்டீனில் சமைக்கிற பூவம்மாள் பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஓர் ஆள் உயர ஃப்ரிட்ஜ் இருந்தது. ஹெலன் அதைக் கோயில் கோபுரத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"பூவம்மாக்கா, ஒரு ரெண்டு மணி நேரம் ஒரு பொருளு உள்ள வெக்கணும்."

"இன்னா பொருளு? கறியா?"

"கறி இல்லக்கா..." ஹெலன் பையை விரித்துக் காட்டினாள்.

பூவம்மாள் எட்டிப் பார்த்தாள். தேள் கொட்டினாற்போலப் பின்னால் நகர்ந்தாள்.

"அடிப்பாவி! செருப்பைக் கொண்டாந்து தயிர் பக்கத்துல வெக்கச் சொல்றியே! உனுக்கு இன்னா ஆச்சு?"

"செருப்பு இல்லக்கா, ஷூ. யாரும் கால்ல போடாதது. புத்தம் புதுசு."

"கால்ல போடறதுக்குத்தான செஞ்சது? எதுவா இருந்தா இன்னா? நாளைக்கு முந்நூறு பேருக்கு நான் மோர் ஊத்தணும். தெரிஞ்சா என்னை இங்கயே ஊறுகா போட்டுடுவாங்க."

"அக்கா, இது போச்சுன்னா என் வேலையே போச்சு. மறுபடியும் பசை டேபிள்ல போய் நிக்கணும், அதுவும் அவ கிட்ட." இந்தத் தடவை கண்ணில் எங்கிருந்தோ தண்ணீரும் வந்துவிட்டது.

பூவம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். வேர்வையில் நனைந்து, துப்பட்டா இல்லாமல், உப்புத் தோல் வாசனையோடு நின்ற அந்தக் கோலம் கல்லையும் கரைத்திருக்கும்.

"நாலு கவர் போட்டுச் சுத்து. காத்து போவக் கூடாது. அந்தப் பெரிய டப்பாவுல வெச்சு மூடு. நாளைக்குக் காலையில நீயே வந்து ஃப்ரிட்ஜைச் சோடா மாவு போட்டுக் கழுவணும்."

"கழுவறேங்க்கா. உங்க வூட்டு ஃப்ரிட்ஜையும் கழுவறேன்."

அப்படியாக மூன்று ஜோடி ஏற்றுமதி ஷூவும், தயிர்ப் பானைக்கும் இட்லி மாவுக்கும் நடுவில் இடம் பிடித்தன. ஹெலன் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். மோர் கேட்டு வந்த லோடு ஆட்கள் இரண்டு பேரை, "தயிர் கெட்டுப்போச்சு" என்று சொல்லி விரட்டினாள். பூவம்மாளுக்கு அதில் வேறு கோபம். இருபது வருஷமாக அவள் தோய்த்த தயிர் ஒரு நாளும் கெட்டதில்லையாம்.

மூன்றே முக்காலுக்கு டப்பாவைத் திறந்தபோது ஷூக்கள் அருமையாகக் குளிர்ந்திருந்தன. சோல் இரும்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே எடுத்ததும் தோலில் பனி பூத்தது. அதைத் துடைத்தாள். மறுபடியும் பூத்தது. மறுபடியும் துடைத்தாள். இதே வேலையாகத் திடலுக்கு ஓடி, காய்ந்து மொறுமொறுத்துப் போயிருந்த அட்டைப் பெட்டியில் அவற்றை அடுக்கி, பின் சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தவும், மேனேஜர் வரவும் சரியாக இருந்தது.

மேனேஜர் தனியாக வரவில்லை. அவர் பக்கத்தில் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் நடந்து வந்தார். பின்னால் ஒரு ஃபைலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வாணியம்பாடியிலிருந்து திரும்பியிருந்த கௌசர்.

இந்த ஆளை ஏன் இங்கேயே கூட்டி வருகிறார் என்று ஹெலன் கண்ணாலேயே ஜாடை காட்டினாள். மேனேஜர் கவனிக்கவில்லை.

"ஹெலன்மா, சார்தான் நம்ம பையர் ஆபீஸ்ல இருந்து வந்திருக்கறது. காலையில இருந்து இங்கதான் இருக்காரு. இந்த மூணு ஜோடியைப் பாத்துட்டு ஆர்டரை இங்கயே சொல்லிடறேன்னுட்டாரு."

ஹெலன் நெற்றியில் அடித்துக்கொள்ளப் போய்க் கையை இறக்கிக்கொண்டாள். ஊட்டி மாதிரி இருக்கும் என்று யாரிடம் சொல்லி, யாரை விரட்டியிருக்கிறாள்! பெட்டியை எடுத்து நீட்டினாள்.

அவர் ஒரு ஷூவை எடுத்தார். சடக்கென்று அவர் புருவம் உயர்ந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார், கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தார். ஷூவின் முனையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

"ஜில்லுனு இருக்கே?" என்றார் மெதுவாக.

மேனேஜர் வாங்கிப் பார்த்தார். அவர் வாய், போன மாதத்து ஷூவைப் போலப் பிளந்தது. "ஹெலன்மா, இது... எப்படி?"

எப்படி என்று கேட்டுவிட்டார்! பத்தொன்பது வருஷத்தில் ஹெலனை யாரும் அப்படி ஆச்சரியமாகக் கேட்டதில்லை. காலையில் நடந்துகொண்டதற்கு ஈடுகட்ட இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? பட்ட பாடெல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"காலையில தெரியாம பேசிட்டேன் சார், மன்னிச்சுக்கோங்க. ஆனா உங்க ஷூவை நான் வெயில்ல வுடல சார். பேப்பர் போட்டேன், ஈரச் சாக்கு போட்டேன், ஏசி போட்டு வண்டியே வெடிக்கப் பாத்துச்சு. அப்பவும் வுடல. கேன்டீன் ஃப்ரிட்ஜுல தயிர் பக்கத்துல வெச்சு, காவலுக்கு நானே உக்காந்தேன். இன்னிக்கு அடிச்ச வெயிலு இந்த ஷூ மேல ஏறவே இல்ல சார். யார் வேணும்னாலும் தொட்டுப் பாக்கலாம்!"

யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. மேனேஜர் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். அது சுட்டதுகூட அவருக்கு உறைக்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

கௌசர் ஃபைலால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு ஹெலனின் காதருகே வந்தாள்.

"அக்கா, லேப்புல ஹீட் டெஸ்ட் பண்ற ஓவன் ரிப்பேருல இருக்குதுக்கா... அதான் கம்பெனியிலயே ஜாஸ்தி கொதிக்கறது உங்க வண்டிதான்னு, பசை தாங்குதா பாக்க ஆறு மணி நேரம் அதுல வேக வெக்கச் சொன்னாரு சாரு."